தஞ்சாவூரின் பின்கட்டு

"எல்லாரும் அண்ணாந்து பாக்குறீங்க. கழுத்துதான் வலிக்கும். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க!"

பெரிய கோயிலின் ராஜராஜன் திருவாயிலைத் தாண்டியதும் எங்கள் வழிகாட்டி அக்கா போட்ட முதல் அதட்டல் இது. எதிரே 216 அடி விமானம் காலை வெயிலில் தகதகவென்று நிற்கிறது. செல்போன்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து உயர்ந்திருக்கின்றன. அந்த நேரத்தில் குனியச் சொன்னால் யார்தான் குனிவார்கள்? அக்கா விடுவதாக இல்லை. விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் எழுத்துகளைக் காற்றிலேயே விரலால் தடவிக் காட்டினார். "இதுதாங்க கோயிலோட ஸ்டாக் ரெஜிஸ்டர். ஒரு குண்டுமணி விடாம எழுதி வச்சிருக்காங்க."

பழைய தஞ்சாவூர் வீடுகளில் திண்ணையும் கூடமும் வந்தவர்களுக்கு. சமையல், சண்டை, கணக்கு, ரகசியம் எல்லாம் பின்கட்டில். இந்த ஊரே அப்படித்தான். சோழர், நாயக்கர், மராட்டியர் என்று மூன்று வம்சங்களுக்குத் தலைநகராக இருந்த ஊரின் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கும்பகோணம் போய்விடுகிறது சுற்றுலா பஸ். நாங்கள் வந்தது பின்கட்டைப் பார்க்க. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், அவருடைய பேரன், சேலத்திலிருந்து வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள், அப்புறம் நான்.

சரி, ரெஜிஸ்டருக்கு வருவோம். தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டச் சொல்லி ராஜராஜன் உத்தரவு போட்டிருக்கிறான். வரிசையைக் கவனியுங்கள், மனைவியருக்கு முன்னால் அக்கா! எங்கள் வழிகாட்டிக்கு இதில் ஏகப்பட்ட பெருமிதம், சொந்தத் தம்பி செய்தது போல. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று ஒரு எடைக்கல். நகைகளுக்குத் தனியாக 'தட்சிணமேருவிடங்கன்' என்று இன்னொன்று. செப்புத் திருமேனிகளை முழம், விரல் என்று அளந்திருக்கிறார்கள். முத்துகளுக்கு வந்தால் தலை சுற்றும். உருண்டை முத்து, கொஞ்சம் குறைந்த உருண்டை, குறுமுத்து, இரட்டை முத்து, சப்பட்டை, சிவந்த நீரோட்டம் உள்ளது என்று வகை பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். தோல் உரிந்த முத்தைக்கூட மறைக்கவில்லை. சாமிக்குக் கொடுத்ததில் இது சொத்தை என்று கல்லில் எழுதிவைக்கிற நேர்மை! வங்கிக்காரர் உருகிப்போனார். "ஆடிட்டுன்னா இது ஆடிட்டு" என்றார்.

வடக்குத் திருச்சுற்று மதிலின் வெளிப்பக்கம் இன்னும் வேடிக்கை. அது ஊழியர் பட்டியல். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து நானூறு ஆடல் மகளிரைக் கொண்டுவந்து குடியேற்றியிருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று நானூறு பேருக்கும் முகவரி உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அப்புறம் நட்டுவர், பாடுவோர், சங்கு ஊதுவோர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், தண்ணீர் தெளிப்போர், குயவர், வண்ணார், தையல்காரர், கணக்கர். கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சனுக்கு 'இராஜராஜப் பெருந்தச்சன்' என்று தன் பெயரையே பட்டமாகத் தந்த மன்னன், நாவிதருக்கும் 'இராஜராஜப் பெருநாவிசன்' என்று அதே பெயரைத் தந்திருக்கிறான். கட்டடக்காரருக்குப் பட்டம் தருகிற ராஜாக்கள் எங்கும் உண்டு. முடிதிருத்துபவருக்கு?

இதற்குள் வங்கிக்காரர் எதிர்பார்த்த இடத்துக்கு வந்துவிட்டார். "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழாதாமே?" அக்கா பதில் சொல்லவில்லை. அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு விமானத்தின் மேற்குப் பக்கம் போனார். எல்லாரும் பின்னாலேயே போனோம்.

"சார், இப்ப வெயில் அடிக்குதா?"

"இல்லையே, நல்லா நெழலா இருக்கு."

"யாரோட நெழல்?"

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எண்பது டன் ஒற்றைக்கல்லைச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பதும் அதே ரகம்தானாம். உச்சியில் இருப்பது பல கற்களை இணைத்துச் செய்தது. பெரிய நந்தி? அது சோழர் காலத்ததே இல்லை, நாயக்கர் வைத்தது. வரிசையாக மூன்று கதைகளையும் காலி செய்துவிட்டு, ஏமாந்த முகங்களுக்குப் பரிசாக விமானத்தின் வடபுறம் கூட்டிப்போய் மேலே ஒரு முகத்தைக் காட்டினார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர்! சிவகணங்களுக்கு நடுவே ஒய்யாரமாக எட்டிப்பார்க்கிறார். வெள்ளைக்காரன் வருவான் என்று ராஜராஜனுக்கு முன்பே தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் செய்த குறும்பு என்று நினைப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் நான் இந்தக் கோயிலுக்கு வந்தது ஒரு சுவருக்காக. கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்கள் உண்டு. நடுவே ஒரு இருட்டுச் சந்து, உட்சுற்று. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. நாம் வெளியே நின்று பிரம்மாண்டமான துவாரபாலகரைப் பார்த்து வியந்துகொண்டிருக்கும்போது, அவருக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், ஆயிரம் வருட ஓவியங்கள் இருக்கின்றன. நினைக்கும்போதே உள்ளங்கை குறுகுறுக்கிறது!

1931 வரை அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு உள்ளே போனார். சுவரில் இருந்தது நாயக்கர் கால ஓவியம். ஒரு இடத்தில் அந்தப் பூச்சு பெயர்ந்திருந்தது. அதற்கு அடியில் வேறொரு ஓவியம், வேறொரு வண்ணம், வேறொரு கை. சோழர் காலத்துக் கை! நாயக்கர்கள் பழைய படத்தின் மேலேயே சுண்ணாம்பு பூசிப் புதிதாக வரைந்துவிட்டார்கள். திட்டத் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பூச்சு முந்நூறு வருடம் போர்வையாக இருந்து, புகையும் வௌவாலும் படாமல் அடியில் இருந்ததைக் காப்பாற்றியிருக்கிறது என்று அக்கா சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். பிறகு தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் செய்தது இன்னும் பெரிய வித்தை. மேலே இருந்த நாயக்கர் படத்தைச் சேதமில்லாமல் உரித்துப் பலகைகளில் ஏற்றிவிட்டு, அடியில் இருந்த சோழர் படத்தை வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டும் பிழைத்தன.

உள்ளே போக முடியாதவர்களுக்குக் கோயில் வளாகத்திலேயே விளக்க மையம் இருக்கிறது. படங்களை அங்கே பார்க்கலாம். சுந்தரரின் கல்யாணத்தில் ஓலையை ஆட்டிக்கொண்டு வழக்குக்கு வந்து நிற்கும் கிழவர். அவரைச் சுற்றி, வாய்க்கு வந்தபடி பேசிக்கொள்ளும் கல்யாண வீட்டுக் கூட்டம். வெள்ளை யானையில் சுந்தரர் கயிலாயம் போக, குதிரையில் துரத்திக்கொண்டு சேரமான் பெருமாள். முப்புரம் எரிக்கும் சிவனின் கண்ணில் கோபமும் சிரிப்பும் ஒரே நேரத்தில். கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, படத்தில் ஆடுகிற பெண்களின் கொண்டையை மட்டும் இருபது தடவை போட்டோ எடுத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கொண்டைகளுக்கு இன்று ஒரு அழகுநிலையம் நூறு கலம் நெல் கேட்கும்.

இந்த உட்சுற்றுக்கு மேலே இன்னொரு தளம். அங்கே நடனத்தின் 108 கரணங்களைச் சிவனே ஆடிக்காட்டுவது போலச் செதுக்கத் தொடங்கினார்கள். 81 முடிந்தது. மீதி 27 கற்கள் வரிசையில் இடம்பிடித்தபடி வெறுமனே இருக்கின்றன. ஏன் நின்றுபோயிற்று என்று எங்களுக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது. வங்கிக்காரர் பட்ஜெட் என்றார். பேரன், சிற்பிக்குப் பரீட்சை வந்திருக்கும் என்றான்.

கோயிலை விட்டுக் கிளம்பும்போது தென்மேற்குத் திருச்சுற்றில் இன்னொரு சுவரை எட்டிப்பார்க்க வேண்டும். 1803இல் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில் அங்கே வெட்டிவைத்தார். சோழன் கோயில் சுவரில் மராட்டியக் குடும்பக் கதை! வெளியே வந்தால் கோயிலைக் கட்டியவனின் சிலை கோட்டைக்கு வெளியே தெருவோரம் நிற்கிறது.

கோயிலை அடுத்து, சிவகங்கைக் கோட்டைக்குள் 1779இல் கட்டிய ஒரு தேவாலயம். ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸின் தேவாலயம். தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர், தமிழும் மராத்தியும் பேசியவர், சிறுவன் சரபோஜிக்குப் பாதுகாவலர், ஆசான். உள்ளே இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மேன் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பம்: மரணப்படுக்கையில் பாதிரியார், அவர் கையைப் பிடித்தபடி தலைப்பாகையோடு ராஜா. மதம் மாறாத ராஜா, மதம் மாற்ற வந்த குரு. இந்த உறவைப் பற்றி யாராவது நல்ல நாவல் எழுத வேண்டும்.

பக்கத்தில் சிவகங்கைக் குளம். இங்கிருந்துதான் ஊரின் உண்மையான பின்கட்டு தொடங்குகிறது, காலுக்கு அடியில். நகரத்துக்கு வெளியே சேவப்பநாயக்கன் ஏரி. மழைநீர் அங்கே தேங்கித் தெளிந்து, சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக ஊருக்குள் இருக்கும் குளங்களுக்குப் போகும். ஜலசூத்திரம் என்று பெயர். மோட்டார் கிடையாது, எல்லாம் நிலத்தின் வாட்டம் பார்த்துச் செய்தது. காலப்போக்கில் அடைத்துப்போய், மேலே வீடும் கடையும் ரோடும் வந்து, மறந்தும்போயிற்று. அண்மை ஆண்டுகளில் மேலவீதி அய்யன்குளத்தைச் சீரமைத்தபோது அந்தப் பழைய கால்வாயையும் தேடித் துப்புரவு செய்தார்கள். தண்ணீர் பழைய வழியிலேயே வந்துசேர்ந்தது! அக்கா நடுரோட்டில் நின்று, "இப்ப நீங்க நிக்கிற இடத்துக்குக் கீழ" என்று சொல்லத் தொடங்க, பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துத் தீர்த்துவிட்டார்.

மேலவீதியில் நிறைய நேரம் நிற்கவில்லை, நின்றிருக்கலாம். பங்காரு காமாட்சி கோயில் இங்கேதான். இசைமேதை சியாமா சாஸ்திரியின் குடும்பம் பூசை செய்த அம்பாள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் வாழ்ந்த வீடும் இந்த வீதியில். இன்று அரங்கேற்றத்தில் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கிற எந்தப் பெண்ணும் அந்த வீட்டுக்கு ஒரு கும்பிடு கடன்பட்டிருக்கிறாள். அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் அவர்கள்.

அரண்மனை. நாயக்கர் தொடங்கி மராட்டியர் வளர்த்தது. 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை சூழ்ந்தபோது, விஜயராகவ நாயக்கர் அந்தப்புரத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சொல்லிவிட்டுப் போர்க்களத்தில் போய் விழுந்தார். 1855இல் ஆண் வாரிசு இல்லை என்று கம்பெனிக்காரர்கள் ராஜ்யத்தையே எடுத்துக்கொண்டார்கள். ராணி காமாட்சிபாய் லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்காடினார். வாரிசுகள் இன்னும் அரண்மனையின் ஒரு பகுதியில் குடியிருக்கிறார்கள். காயப்போட்ட துணியைப் பார்த்து ஒரு கணம் திடுக்கிட்டேன்.

பேரன் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒன்று இங்கே இருந்தது. திமிங்கிலம்! கடலே இல்லாத ஊரின் அரண்மனையில் 92 அடி நீளத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. ராஜாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவ்வளவு பெரிய எலும்பை வைக்கிற அளவுக்குப் பெரிய இடம் வேறெங்கும் கிடைக்கவில்லையோ என்னவோ. பேரன் வாலிலிருந்து தலைவரை நடந்து, அடி எண்ணி, கணக்குத் தப்பிப்போய் மறுபடி வாலுக்கு ஓடினான்.

கலைக்கூடத்தில் ரிஷபவாகனர். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டுச் செப்புத் திருமேனி. மண்ணுக்குள் புதைந்திருந்து கிடைத்தது. ஜடையையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மாற்றி வைத்து, காளையின் மேல் கையை ஊன்றி நிற்கிறார். காளையைத்தான் காணோம். ஆனால் அந்தக் கை மடங்கியிருக்கிற சொகுசைப் பார்த்தால் காளையின் உயரம் தெரிகிறது, முதுகு தெரிகிறது, அதன் குணம்கூடத் தெரிகிறது. சாது மாடு. பக்கவாட்டில் போய் முதுகைப் பாருங்கள் என்று அக்கா ரகசியமாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். முதுகைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை, நீங்களே போங்கள்.

சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளை எதிர்பார்த்துப் போனோம். இருந்தன, பல்லாயிரக்கணக்கில். ஆனால் காட்சிக்கூடத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டது வேறொரு அலமாரியில். பிரெஞ்சு அரண்மனை ஓவியர் சார்ல் லெ ப்ரன் வரைந்த படங்கள்: ஆந்தை மூஞ்சி மனிதர், ஒட்டக மூஞ்சி மனிதர், மாட்டு மூஞ்சி மனிதர். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரும் தங்கள் பேராசிரியர்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டுபிடித்தார்கள். இன்னொரு பக்கம் சீனாவில் குற்றவாளிகளுக்குத் தரும் தண்டனைகளின் வண்ணப் படங்கள். அப்புறம் ஜான்சனின் ஆங்கில அகராதி. இவ்வளவையும் வாங்கிச் சேர்த்தவர் சரபோஜி. தான் படித்த ஐரோப்பியப் புத்தகங்களில் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார். கண்நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைக் கண்ணின் படத்தோடு நோயாளி வாரியாகப் பதிவு செய்த தாள்களும் அவர் காலத்தவை. மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் மூட்டை மூட்டையாக அரண்மனை அன்றாடக் கணக்கு. சமையல் குறிப்புகள் மட்டும் தனி நூலாக, 'சரபேந்திர பாகசாஸ்திரம்'. இதைக் கேட்ட நொடியில் எல்லாருக்கும் பசி வந்துவிட்டது.

ஆனாலும் அக்கா சாப்பிட விடவில்லை. தெற்கு வீதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். தரையெல்லாம் பலாமரச் சுருள். குடத்தைக் குடைந்தாயிற்று, தண்டி பொருத்தியாயிற்று, யாளி முகம் பல்லைக் காட்டுகிறது. வீணை தயார் என்று நாங்கள் நினைத்தோம். பெரியவர் சிரித்தார். "இனிமேதான் மேளம் கட்டணும். அதுவரைக்கும் இது வெறும் கட்டை." தேன்மெழுகில் கரி கலந்த கருப்புப் பட்டை தண்டியின் இரு ஓரமும் கரை கட்டியிருந்தது. அதன் மேல் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்து, தந்தியை மீட்டி, காது கொடுத்து, கட்டை விரலால் ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டி அழுத்துகிறார். கருவி எதுவும் இல்லை. பேரன் செல்போனில் சுருதி பார்க்கும் ஆப்பைத் திறந்தான். முள் சரியாக நடுவில் நின்றது. பெரியவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்ன தம்பி, உன் போன் சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசி நிறுத்தம் கீழவாசல் பீரங்கிமேடு. ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி, ஏறக்குறைய 25 அடி நீளம், இருபது டன்னுக்கு மேல் எடை. வார்த்தது அல்ல. நீள இரும்புப் பட்டைகளை அடுக்கி, அதன் மேல் வளையம் வளையமாகப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, சம்மட்டியால் அடித்தே ஒன்றாக்கியது. கான்பூர் ஐ.ஐ.டி. உலோகவியலாளர் ஆர். பாலசுப்பிரமணியம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நானூறு வருடமாக மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் வளையங்களின் இணைப்புகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. பெரிய கோயில் வாசலில் நிற்கும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

பேரன் பீரங்கி வாயில் முகத்தை வைத்து "ஓய்ய்ய்" என்று கத்தினான். உள்ளே இருந்து கனமான குரலில் பதில் வந்தது. அவ்வளவுதான், கல்லூரிப் பெண்கள் வரிசை கட்டினார்கள். மூன்றாவதாக நான். நான்காவதாக, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வங்கிக்காரர். தன் பெயரையே மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தார்.

"போதும் சார், இறங்குங்க" என்றார் அக்கா. "போன வாரமே எதிர்வீட்டம்மா வந்து சண்டை போட்டுட்டுப் போச்சு."